நூறு கிராம் சந்தேகம்

ஒரு பிள்ளையின் நெஞ்சில் யாராவது சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்களா? ஒட்டினார்கள். பட்டப்பகலில், இருநூறு பேர் பார்க்க, கூசாமல் ஒட்டினார்கள்.

அன்று சனிக்கிழமை. ஒரகடத்தில் கியர் செய்யும் கம்பெனி ஒன்று, சுற்றுவட்டார ஊர்ச் சிறுமிகளுக்குக் கபடிப் போட்டி வைத்திருந்தது. கம்பெனியை ஒட்டிய மைதானத்தில் பன்னிரண்டு அணிகள் வந்து இறங்கியிருந்தன. விதிகள் இரண்டே இரண்டு. வயது பன்னிரண்டைத் தாண்டக் கூடாது. எடை நாற்பது கிலோவைத் தாண்டக் கூடாது.

வயதுக்குப் பள்ளிக்கூடத்துச் சான்றிதழ் போதும். எடைக்கு ஒரு மிஷினைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். கம்பெனிக்குள் கியர் பெட்டிகளை எடை போடும் மிஷின் அது. தட்டையான மேடையில் ஏறி நின்றால், கம்பத்தின் மேல் இருக்கும் பெட்டியில் எண் எரியும்.

மிஷினுக்குப் பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர் சங்கரநாராயணன். கம்பெனியின் தரச் சோதனைப் பிரிவில் பெரிய பொறுப்பில் இருப்பவர். திருநெல்வேலிக்காரர். செய்த பாகம் சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர், சரியில்லை என்றால் சிவப்பு ஸ்டிக்கர். இருபது வருடமாக இதுதான் அவர் வேலை. போட்டிக்கும் அந்த ஸ்டிக்கர்ச் சுருள்களையே எடுத்து வந்துவிட்டார். அது தப்பு என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

பிள்ளைப்பாக்கத்து அணியின் முறை வந்தது. முதலில் ஃபெபி ஏறினாள். ஆறாம் வகுப்பு. ஒல்லியாக, உயரமாக இருப்பாள்.

"முப்பத்தொம்பது புள்ளி எட்டு அஞ்சு," என்று வாசித்தார் கனகலட்சுமி. எண்ணைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது அவர் பொறுப்பு. அவரும் அதே கம்பெனியில் வேலை செய்பவர்தான்.

ஃபெபிக்குப் பச்சை.

அடுத்து அவளுடைய தோழி கனிஷ்கா ஏறினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"நாப்பது புள்ளி ஒண்ணு அஞ்சு."

சர்ரென்று ஒரு ஸ்டிக்கரைக் கிழித்தார் சங்கரநாராயணன். கனிஷ்காவின் சட்டையில் ஒட்டினார். சிவப்பு. அதில் கொட்டை எழுத்தில் 'ரிஜெக்ட்' என்று போட்டிருந்தது.

"அடுத்தது," என்றார், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

கனிஷ்கா குனிந்து தன் சட்டையைப் பார்த்தாள். பாவம், அவள் என்னென்ன செய்துவிட்டு வந்திருந்தாள் தெரியுமா? முதல் நாளே நகத்தை ஒட்ட வெட்டிவிட்டாள். ரிப்பன், வளையல், கம்மல், காலில் போட்டிருந்த கறுப்புக் கயிறு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டாள். காலையில் அம்மா தட்டில் போட்ட இட்லியைத் தொடவே இல்லை. வளரும் பிள்ளை ஒரு மிஷினுக்குப் பயந்து பட்டினி கிடப்பதா? இதைக் கேட்க யாருமே இல்லையா?

மைதானத்துச் சுவர் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பையன்களில் ஒருவன், "டேய், ரிஜெக்ட் பீஸ் போவுது பாரு," என்று கத்தினான். மற்றவர்கள் சிரித்தார்கள்.

ஃபெபிக்குக் கோபம் வந்தது. சாதாரணக் கோபம் இல்லை, காது மடல் வரைக்கும் சூடாகிற கோபம். அவளுடைய அம்மா அன்னபுஷ்பம் பிரேக் பாகங்கள் செய்யும் வேறொரு கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருக்கிறாள். சிவப்பு ஒட்டியது எங்கே போகும் என்று ஃபெபிக்கு நன்றாகத் தெரியும். குப்பைத் தொட்டிக்கு.

"சார், இன்னொரு வாட்டி ஏத்திப் பாருங்க சார்," என்றாள்.

"ஒரு தடவைதாம்மா. ஆளுக்கு ஆள் இன்னொரு தடவைன்னு கேட்டா இங்கயே பொழுது போயிரும்லா."

"நூத்தம்பது கிராம்தானே சார்."

"ஒரு கிராம் கூடுனாலும் கூடுனதுதான். மிஷின் பொய் சொல்லாது. போன மாசம்தான் ஆள் வந்து சோதிச்சிட்டுப் போயிருக்காவ. இந்தா, ஒட்டியிருக்கு பாரு." மிஷினின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினார். அதில் தேதி இருந்தது, கையெழுத்து இருந்தது. அவருக்கு அது சாமி படம் மாதிரி.

பிள்ளைப்பாக்கத்து அணியை அழைத்து வந்த மஞ்சுளா டீச்சர் ஃபெபியின் தோளைத் தொட்டு, "விடுமா. நம்மகிட்டதான் ஒன்பது பேர் இருக்காங்களே. வேற ஒருத்திய எறக்கிக்கலாம்," என்றார்.

அதைக் கேட்டதும் ஃபெபிக்கு இன்னும் எரிந்தது. வேற ஒருத்தியாம். கனிஷ்கா பாடிக்கொண்டே போய், தொட்டுவிட்டுத் திரும்புவதை இந்த டீச்சரே எத்தனை முறை கை தட்டிப் பார்த்திருக்கிறார். இப்போது ஒரு ஸ்டிக்கருக்கு அவளை விட்டுக்கொடுக்கிறாரே என்று மனம் பொருமியது.

கனிஷ்கா வேப்பமரத்தடியில், குடிக்க வைத்திருந்த தண்ணீர் கேன்களின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். ஃபெபியும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நேத்து மருதாணி வெச்சேன்டி," என்றாள் கனிஷ்கா. "அது எவ்ளோ கிராம் இருக்கும்?"

"லூசு மாதிரி பேசாத."

"நூத்தம்பது கிராம்னா எவ்ளோ இருக்கும்?"

ஃபெபி யோசித்தாள். "ஒரு கொய்யாப்பழம்."

"ஒரே ஒரு கொய்யாப்பழமா?" என்று கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள் கனிஷ்கா.

ஃபெபி அந்த மிஷினையே முறைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு பெண்ணாக ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்கள். முறைத்துப் பார்க்கப் பார்க்கச் சில விஷயங்கள் கண்ணில் பட்டன.

மண் தரையில் தார்ப்பாயை விரித்து, அதன் மேல் மிஷினை வைத்திருந்தார்கள். ஒவ்வொருத்தி ஏறும்போதும் ஒரு மூலை கொஞ்சம் அமுங்கியது. எண் இங்கும் அங்கும் குதித்துவிட்டுத்தான் நின்றது. இன்னொன்றும் இருந்தது. யார் ஏறினாலும் கடைசி எண் பூஜ்யமாகவோ ஐந்தாகவோதான் வந்தது. மூன்றோ ஏழோ வரவே இல்லை. ஐம்பது ஐம்பது கிராமாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும் போலிருக்கிறது. ஒரு கிராம் கூடினாலும் கூடினதுதான் என்றாரே அந்த சார்?

பதினொரு மணிக்கு எடை போட்டு முடித்தார்கள். மொத்தம் நான்கு பேருக்குச் சிவப்பு. சங்கரநாராயணன் டீ குடிக்கக் கம்பெனிக்குள் போனார்.

"எழுந்திரு," என்றாள் ஃபெபி. "இந்த கேனைப் புடி."

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மூடி பிரிக்காத ஒரு தண்ணீர் கேனை மிஷினிடம் தூக்கி வந்தார்கள். கனகலட்சுமி பதிவேட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"அக்கா, இத்த கொஞ்சம் எடை போட்டுக்கிறோம்க்கா. மனுஷங்களுக்குத்தானே ஒரு வாட்டி? கேனுக்கு ஒண்ணும் சொல்லலையே."

கனகலட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சீக்கிரமா போட்டுட்டு எறக்கு. சார் வந்துருவாக," என்றார். அவர் கோவில்பட்டிப் பக்கம்.

கேனை வைத்தார்கள். 20.80. இறக்கினார்கள். மறுபடி வைத்தார்கள். 21.05. மறுபடி. 20.65.

கனகலட்சுமியின் சிரிப்பு நின்றது. "இன்னொரு மட்டம் வை," என்றார்.

ஃபெபி கனகலட்சுமியின் பேனாவை வாங்கி, ஒவ்வொரு எண்ணையும் உள்ளங்கையில் எழுதினாள். உள்ளங்கை நிரம்பியது. மணிக்கட்டுக்கு ஏறினாள். பத்து முறை போட்டு முடித்தபோது முழங்கை வரைக்கும் எண்கள் இருந்தன. மிகக் குறைந்தது 20.65. மிக அதிகம் 21.10.

அதற்குள் ஒரு சின்னக் கூட்டம் சேர்ந்துவிட்டது. மறைமலை நகர் அணியின் தலைவி பெனிட்டாவும் வந்து எட்டிப் பார்த்தாள். போன வருடம் கோப்பை வாங்கிய அணி அது. அந்தத் தெனாவட்டு அவள் நடையிலேயே தெரியும்.

"இன்னா பண்றீங்க? தண்ணி கேனையும் டீம்ல சேத்துட்டீங்களா?"

"நீயும் பாரு," என்று ஃபெபி கையை நீட்டினாள். "ஒரே கேன். நானூத்தம்பது கிராம் ஏறி எறங்குது."

பெனிட்டா எண்களை வாசித்தாள். கிண்டல் பண்ண வந்தவள், எண்களை இன்னொரு முறை வாசித்தாள்.

"என்ன செய்யுதிய இங்க?" சங்கரநாராயணன் திரும்பி வந்துவிட்டார்.

ஃபெபி பயப்படவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் கோபம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"சார், இந்த கேனு காலையிலேருந்து ஒண்ணும் துன்னல. ஓடல. மூச்சுகூட விடல. இது ஏன் சார் ஒரு வாட்டி ஏறுது, ஒரு வாட்டி எறங்குது?"

அவள் நீட்டிய கையை அவர் பிடித்துப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. சட்டென்று மண்டியிட்டு உட்கார்ந்து, தார்ப்பாயைத் தூக்கி மிஷினின் அடியில் பார்த்தார். ஒரு கால் மண்ணுக்குள் இறங்கியிருந்தது. இன்னொன்று கூழாங்கல் மேல் நின்றது.

"அடடா," என்றார். "சிமெண்ட் தரையில வச்சு சோதிச்சது இது. மண்ணுல வச்சா ஆடத்தான் செய்யும். கனகலட்சுமி, அந்த வண்டி நிறுத்துற ஷெட்டுக்குக் கொண்டு போவோம். அங்க தரை மட்டமா இருக்கும்."

தப்பு என்று தெரிந்ததும் மழுப்பாமல் ஒத்துக்கொண்டாரே, அதுவரைக்கும் நல்லது.

நான்கு பேர் சேர்ந்து மிஷினை ஷெட்டுக்குத் தூக்கிப் போனார்கள். கேனும் மேசை நாற்காலியும் பின்னாலேயே போயின. கூட்டமும் போனது.

சிமெண்ட் தரையில் கேன் காட்டிய எண்கள் இவை: 20.80, 20.85, 20.80, 20.75, 20.85.

"பாத்தியா?" சங்கரநாராயணன் முகத்தில் தெம்பு வந்தது. "மிஷின் ஒழுங்காத்தான் இருக்கு."

"இன்னும் நூறு கிராம் ஆடுது சார்."

"நூறு கிராம்லாம் ஆடத்தாம்மா செய்யும். உலகத்துல எந்த மிஷினும் அப்படித்தான். ஒண்ணு அம்பது கிராம் ஆடும், ஒண்ணு அரை கிராம் ஆடும். ஆடாத மிஷின் கிடையவே கிடையாது. அதுக்கு மேல நுணுக்கிக் கேட்டா அதுகிட்ட பதில் இல்ல."

"அதுகிட்டயே பதில் இல்லன்னா, நீங்க எப்படி சார் ஸ்டிக்கர் ஒட்டுனீங்க?"

சங்கரநாராயணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைப்பதற்கு அதில் அழுக்கு எதுவும் இல்லை.

"சரி, அந்தப் பிள்ளைய ஏறச் சொல்லு," என்றார்.

கனிஷ்கா ஏறினாள். 40.05. இறங்கி மறுபடி ஏறினாள். 39.95. மூன்றாவது முறை மறுபடியும் 40.05.

"மூணுல ரெண்டு மேல இருக்கு," என்றார் அவர்.

"இன்னும் மூணு வாட்டி ஏறுனா ரெண்டு கீழ வரும் சார்."

ஏறினாள். 39.95. 40.00. 39.95.

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. கனிஷ்காவே சிரித்துவிட்டாள். சங்கரநாராயணன் மட்டும் சிரிக்கவில்லை. கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப இவ நாப்பதுக்குள்ளயா, வெளியவா?" என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டார்.

"தெரியலைன்னு எழுதட்டுமா சார்?" என்றார் கனகலட்சுமி.

"தெரியலைன்னா?" அவர் பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். அதில் இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. ஒன்று சரி, இன்னொன்று தவறு. தெரியவில்லை என்பதற்கு அந்தப் பதிவேட்டில் இடமே இல்லை. என்ன அநியாயம் பாருங்கள்! உலகத்தில் பாதி விஷயம் தெரியாமல்தான் இருக்கிறது. அதை எழுத ஒரு கட்டம்கூட வைக்கவில்லை.

சங்கரநாராயணன் நிமிர்ந்தார். "இங்க பாரும்மா. எங்க தொழில்ல ஒரு வழக்கம் இருக்கு. சந்தேகம் வந்துட்டா அந்தப் பாகத்தை வெளிய அனுப்ப மாட்டோம். இவ விஷயத்துல சந்தேகம்தான். அதனால ஆட விட முடியாது."

"ஆங்," என்றாள் ஃபெபி. "அப்போ நானும் சந்தேகம்."

யாரும் தடுப்பதற்குள் அவள் மிஷின் மேல் ஏறிவிட்டாள். மைதானத்தில் 39.85 காட்டிய அதே ஃபெபி. இங்கே 39.95. அடுத்த முறை 40.00. அதற்கடுத்து 40.05.

கீழே இறங்கித் தன் பச்சை ஸ்டிக்கரை உரித்து மேசை மேல் ஒட்டினாள்.

"அறிவிருக்காடி உனக்கு?" என்று கனிஷ்கா அவள் கையைப் பிடித்தாள். "நானாச்சும் வெளிய இருந்து கத்துறேன். நீ ஆடு. போய் எடுத்து ஒட்டிக்கோ."

"மாட்டேன். எனக்கும் தெரியாது, மிஷினுக்கும் தெரியாது. அப்புறம் எனக்கு மட்டும் எதுக்குப் பச்சை?"

சொல்லிவிட்டாளே தவிர, அவள் பார்வை அந்தப் பச்சை ஸ்டிக்கரை விட்டு நகரவில்லை. மூன்று மாதமாகக் காலையில் ஐந்து மணிக்கு எழுந்து பயிற்சி செய்தவள் அவள்.

பெனிட்டா இடுப்பில் கை வைத்து நின்றாள். மைதானத்தில் அவளுக்கு 39.90 காட்டியிருந்தது. எதிரணியில் இரண்டு பேர் குறைந்தால் அவளுக்கு லாபம்தான். பேசாமல் நழுவிப் போயிருக்கலாம்.

"ச்சே, சும்மா வேடிக்கை பாக்க வந்தது ஒரு குத்தமா?" என்று முணுமுணுத்துக்கொண்டே மிஷினில் ஏறினாள். 39.95. 40.00. 39.95. தன் பச்சையை உரித்து ஃபெபியுடையதற்குப் பக்கத்தில் ஒட்டினாள்.

பிறகு இன்னொருத்தி ஏறினாள். இன்னொருத்தியும் ஏறினாள். கொஞ்ச நேரத்தில் மேசை மேல் பதினொரு பச்சை ஸ்டிக்கர்கள் சேர்ந்துவிட்டன.

கூட்டத்தில் நின்ற மஞ்சுளா டீச்சர் முன்னால் வந்தார். "சார், இவளுங்க எல்லாரையும் வூட்டுக்கு அனுப்பிட்டா யாரு ஆடுறது? நானும் நீங்களுமா?"

"அதுக்கில்ல டீச்சர். சந்தேகம்னு வந்துட்டா..." என்று இழுத்தார் சங்கரநாராயணன்.

"சார்," என்றாள் ஃபெபி. "எங்கம்மா பிரேக் பார்ட்ஸ் செக் பண்றாங்க. சந்தேகம் வந்தா அவங்களும் அனுப்ப மாட்டாங்க. ஏன்னா பிரேக் புடிக்கலைன்னா ஆளு செத்துடுவாங்க. கனிஷ்கா ஆடுனா யாரு சார் சாவாங்க?"

சங்கரநாராயணன் அவளையே பார்த்தார்.

"அம்பது கிராம் கூட இருக்கவ தொட்டா எவளுக்காவது கை ஒடஞ்சிடுமா? நீங்க தப்பா அனுப்புனா ஒண்ணும் ஆவாது. தப்பா நிறுத்துனா அவ அழுவா. ரெண்டும் ஒண்ணா சார்?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார். "நீ சொல்லுதது புரியுது. ஆனா இன்னைக்கு அம்பது கிராமுக்கு விட்டா, நாளைக்கு ரெண்டு கிலோ கூட இருக்கவளும் எனக்கும் சந்தேகம்னு வந்து நிப்பாளே. அவகிட்ட என்ன சொல்ல?"

அது நியாயமான கேள்வி. ஃபெபி தன் கையில் இருந்த எண்களைப் பார்த்தாள். கேனைப் பார்த்தாள்.

"ரெண்டு கிலோவுல சந்தேகமே இல்ல சார். எத்தினி வாட்டி ஏறுனாலும் மேலதான் காட்டும். மிஷினுக்குத் தெரியாதது நூறு கிராம்தான். அந்த நூறு கிராமை மட்டும் எங்களுக்கு விட்டுக் குடுங்க. அதுக்கு மேல இருந்தா மிஷின் சொல்றத நாங்க கேட்டுக்கிறோம்."

சங்கரநாராயணன் பேனாவைத் திறந்தார். பதிவேட்டின் இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் அளவுகோல் இல்லாமலேயே ஒரு கோடு போட்டார். இப்போது கட்டங்கள் மூன்று.

பிறகு ஒலிபெருக்கியில் அறிவித்தார். "இன்னைக்கு இந்த மிஷின்ல நூறு கிராம் சந்தேகம் இருக்கு. அதனால நாப்பது புள்ளி ஒண்ணு பூஜ்யம் வரைக்கும் உள்ளவங்க ஆடலாம். சிவப்பு வாங்குன எல்லாரும் ஷெட்டுக்கு வந்து மூணு தடவை ஏறிக்கோங்க."

நான்கு சிவப்பில் மூன்று பேர் உள்ளே வந்துவிட்டார்கள். செந்தாமரை என்ற பெண் மட்டும் மூன்று முறையும் நாற்பத்தொன்றரைக்கு மேலேயே காட்டினாள்.

"எனக்கு சந்தேகமே இல்லப்பா," என்று அவளே சொல்லிவிட்டாள். "நேத்து எங்க வூட்ல பிரியாணி."

"நீ பாயிண்ட் போர்டு பாத்துக்கிறியா?" என்று கேட்டார் மஞ்சுளா டீச்சர். செந்தாமரை சாக்பீஸை வாங்கிக்கொண்டாள்.

சங்கரநாராயணன் கனிஷ்காவிடம் வந்தார். "மன்னிச்சுக்கோம்மா. பாகத்துக்கு ஒட்டுறத உனக்கு ஒட்டியிருக்கக் கூடாது."

"பரவால்ல சார்," என்றாள் கனிஷ்கா.

ஃபெபிக்குப் பரவாயில்லை என்று தோன்றவில்லை. இருநூறு பேர் முன்னால் ஒட்டிவிட்டு ஓரமாக வந்து மன்னிப்புக் கேட்டால் ஆயிற்றா? ஆனால் சிவப்புச் சுருளை அவர் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டதைப் பார்த்தாள். அந்த நாள் முழுக்க அதை அவர் வெளியே எடுக்கவில்லை. சரி, போகட்டும்.

கனிஷ்கா தன் ஸ்டிக்கரைத் தானே கிழித்தாள். நேராகப் போய் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றாள். மேலே உட்கார்ந்து தன்னைக் கேலி செய்த பையனின் கையில் அதைக் கசக்கிக் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் முழித்தான்.

மாலையில் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் பிள்ளைப்பாக்கம், மறுபக்கம் மறைமலை நகர். வேறு யார் வருவார்கள்?

கனிஷ்கா பாடிப் போனாள். தொட்டாள். வந்தாள். மறுபடி போனாள். ஒரு முறை நான்கு பேர் சேர்ந்து அமுக்கியும், கையை மட்டும் நீட்டிக் கோட்டைத் தொட்டுவிட்டாள். முட்டியில் தோல் போய்விட்டது. அவளுக்கு அது தெரியவே இல்லை. சுவர் மேல் இருந்த பையன்கள் இப்போது அவள் பெயரைச் சொல்லித்தான் கத்தினார்கள். கத்தட்டும், நன்றாகக் கத்தட்டும்.

கடைசி நிமிடத்தில் பெனிட்டா பாடி வந்து இரண்டு பேரைத் தொட்டுவிட்டுப் போனாள். விசில் ஊதிவிட்டார்கள். முப்பத்தொன்று, இருபத்தொன்பது. பிள்ளைப்பாக்கம் தோற்றுவிட்டது.

மண்ணும் வேர்வையுமாக பெனிட்டா நேராக ஃபெபியிடம் வந்தாள். "இன்னா ஃபெபி, சுமாரா ரெண்டு பாயிண்ட்ல தோத்துட்டீங்க. மூணாக்கூட இருக்கலாம். எதுக்கும் சந்தேகம்னு எழுதிடலாமா?"

ஃபெபிக்கு மறுபடியும் சுருக்கென்று கோபம் வந்தது. "சுமாரா எல்லாம் இல்ல. சரியா ரெண்டு. இது இன்னா எடையா? எடையை அளக்கணும். பாயிண்டை எண்ணணும். எண்ணுறதுல எங்கேருந்து வரும் சந்தேகம்?"

"அப்போ கனிஷ்கா மட்டும் எத்தினி எடுத்தா? அதையும் எண்ணிச் சொல்லு பாப்போம்."

செந்தாமரை சாக்பீஸைக் காதில் செருகிக்கொண்டு, போர்டில் கனிஷ்கா பெயருக்கு நேராகப் போட்டிருந்த கோடுகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். இருபத்தொன்பதில் பதினான்கு கனிஷ்கா எடுத்தது. ஃபெபி விடவில்லை, இன்னும் இரண்டு முறை எண்ணச் சொன்னாள். மூன்று முறையும் பதினான்குதான் வந்தது.